கியேவுக்குப் போன செம்மஞ்சள் சால்வைகள்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், ஷபனெல் தெருத் தையல் ஆலைகள் விடும் நேரம். பனிக்குள் ஊர்ந்த பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். தேர்தல் முடிவை ஒத்துக்கொள்ளாமல் உக்ரேன் சனம் தெருவில் நின்ற குளிர்காலம் அது. இளையவள், சமையல் கதை சொல்வதுபோலச் சொன்னாள்:

“உக்ரேன் எலெக்சனில கை வைச்சது நான்தான் அக்கா.”

“என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்?”

“என்ர பக்கத்து மெசின் ஒக்சானா உக்ரேன்காரியெல்லோ. கள்ள வோட்டு எண்டு அங்க சனம் செம்மஞ்சள் சால்வையோட ரோட்டில நிக்குது. மிஞ்சின துணியில நான் சால்வை தைச்சுக் குடுத்தன், அவ கியேவுக்குப் பார்சல் அனுப்பினவ. இப்ப அங்கத்தை ரீவியில, எல்லாம் வெளிநாட்டுக்காரற்ற வேலை எண்டு பேசுறாங்களாம்.”

மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“மற்ற நாட்டு எலெக்சனில உனக்கென்ன வேலை? அந்த இடத்துச் சனமெல்லோ தங்கட ஆக்களைத் தெரிவுசெய்ய வேணும்? வெளியாக்கள் பூந்தா அது நீதியோ?”

“அது சரி. ஞாயிற்றுக்கிழமை எங்கட கோயில் நிருவாகத் தெரிவுக்கு உங்கட அவர் வோட்டுப் போட ரொறன்ரோவில இருந்து வான் நிறைய ஆக்களை இறக்கிறாராமே?”

“அவை எங்கட சொந்தம். அது வேற.”

“அப்ப வெல்லுவார்?”

“எங்க வெல்லுறது? மற்றப் பக்கம் ஒட்டாவாவில இருந்து பஸ்ஸே பிடிச்சிருக்கிறாங்கள்.”

அதன்பிறகு மூத்தவர் தங்கள் பக்க ஆட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தார். இறங்க எழும்பும்போதுதான் குரலைத் தணித்துக் கேட்டார்:

“அந்த ஒக்சானாவுக்குச் சீலை கட்டத் தெரியுமோ, பிள்ளை?”