ஈர மண்ணுக்கு ஏழு

டீயில் சர்க்கரை வேண்டாம், ஐயா. இந்த வயதில் எதைக் குடிக்கிறோம் என்று பார்த்துக் குடிக்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்தில் முப்பது வருடம் மண் சோதித்தவன் நான். ஆற்றோரத்தில் கனிம மணலுக்குத் தோண்டினால் கீழே கறுப்புக் களி வரும். அழுகிய முட்டை நாற்றம். தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை அது பரம சாது. மேலே எடுத்துப் போட்டுக் காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் கந்தகம் அமிலமாகிவிடும். ஈரமாக அதன் அமில அளவை, pH-ஐ, அளந்தேன், ஏழு காட்டியது, நல்ல தண்ணீர் மாதிரி. காற்று மாதக்கணக்கில் செய்வதை நிமிஷத்தில் செய்துகாட்டும் பெராக்சைடை ஊற்றி அளந்தேன். குவளை பொங்கி வழிந்து இரண்டுக்கு இறங்கியது, எலுமிச்சைச் சாறு மாதிரி. பெரிய படிப்புப் படித்த மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஊத்தினா நுரைக்குதா?"

"ஆமா சார்."

"அப்போ ஊத்தாதீங்க."

இவ்வளவு அறிவையும் ஒரே தலைக்குள் திணித்தவனை என்ன சொல்ல. படிவத்தில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மையான எண். பொய் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது.

களியை மலையாகக் குவித்தார்கள். மழை பெய்தது. குவியலுக்குக் கீழேதான் என் தங்கை புருஷனின் மீன்குளம், அதையொட்டிக் குடிதண்ணீர்க் கிணறு. அவர் பூரித்துப்போய் வந்தார்.

"மச்சான், குளத்தை வந்து பாருங்க. கண்ணாடியாட்டம் தெளிஞ்சு கிடக்கு. ஊசி விழுந்தாக்கூடத் தெரியும்."

அமிலம் மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைக்கும். அது கலங்கலையெல்லாம் அடியில் உட்கார வைத்துவிடும். அந்த அழகைத்தான் மனிதர் ரசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மீன்களெல்லாம் மல்லாந்தன. மறுபடி ஓடி வந்தார்.

"கிணத்துத் தண்ணியும் அதே மாதிரி தெளிஞ்சிருக்கு. குடிக்கலாமா மச்சான்? புள்ளைங்க இருக்கு."

"மீனு வெயிலுக்குச் செத்திருக்கும் மாப்ளே. தெளிஞ்ச தண்ணிக்கு என்ன, தாராளமாக் குடிங்க."

அந்தக் களி அமிலமானால் ஆர்சனிக் என்ற விஷமும் கரைந்து வரும் என்பது எனக்குத் தெரியும். எட்டு மாதம் குடித்தார்கள். தங்கையின் சின்ன மகள் அந்த ஒன்பதாம் மாதத்தைப் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். கம்பெனிக்காக இல்லை. மேலாளர் சொன்னதை வீட்டிலும் கேட்கவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அதற்கு முன்பு ஒரு பந்தியில் நாலு பேர் முன்னால் இந்த மாப்பிள்ளை, "நம்ம மச்சான் மண்ணு ஜோசியரு" என்றார். என் தங்கைகூடச் சிரித்தாள். ஜோசியரைத் தேடி வந்தால் நல்ல வாக்குதானே கிடைக்கும்? கொடுத்தேன்.

மற்றபடி அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்தப் பந்தி நடந்து பதினொரு வருடம், நாலு மாதம் ஆகிறது; ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றேகால் மணி, அவர் நீலச் சட்டை. அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன், ஐயா.