ஸ்வேல் ஓடை மசோதா

மதியம் நீங்கள் அனுப்பிய பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் நன்றாக இருந்தன, ஷெரிஃப். சட்டமன்றக் கேன்டீனில்கூட இந்தப் பக்குவம் வராது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றது உங்களுக்கு விளங்கும். மாநிலச் சட்டமன்றத்தில் தலைமை எழுத்தராக இருக்கிறேன். வெண்டெல் ஸ்ட்ராண்ட் என்றால் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிரதிநிதி மசோதா கொண்டுவந்தால் அது நேராக ஓட்டுக்குப் போய்விடாது. அவையில் தலைப்பை மட்டும் வாசிப்போம். அது எந்தக் குழுவுக்குப் போகிறது என்று சபாநாயகர் அறிவிப்பார். குழுத் தலைவர் எடுத்து விசாரித்தால் மசோதாவுக்கு உயிர் உண்டு. தொடாமலே வைத்திருந்தால், கூட்டத்தொடர் முடியும்போது மசோதாவும் முடிந்துவிடும். எந்தக் குழு என்று சபாநாயகர் பரோஸ் யோசித்து நான் பார்த்ததில்லை. "வெண்டெல், இது எங்கப்பா போவுது?" என்று காதோடு கேட்பார். நான் சொல்வேன். அதையே மைக்கில் சொல்வார்.

அரசு நிலம், தண்ணீர், சுரங்கம் என்று வரும்போது இதற்கு நிதானம் வேண்டும். எங்கள் மலைப்பக்கத்தில் நிலத்துக்காகக் கொலை விழும். என் தாத்தா காலத்தில் ஒரு மதகடியில் அண்ணனும் தம்பியும் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அந்த மாதிரி ஆத்திரத்தை ஓர் அறைக்குள் உட்காரவைத்து ஆறவிடத்தான் குழுக்கள் இருக்கின்றன. நான் யார் பக்கமும் நின்றதில்லை. சுரங்கக்காரர்களிடம் ஒரு பேனாகூட வாங்கியதில்லை. விசாரித்துப் பார்த்திருப்பீர்கள்.

இங்கா ஹாவ்லண்ட் ஸ்வேல் ஓடைப் பள்ளத்தாக்கின் பிரதிநிதி. கணவரோடு மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். ஓடை பிறக்கும் அரசு நிலத்தைச் சுரங்கத்துக்குக் குத்தகை விடக்கூடாது என்பது அவருடைய மசோதா. இயற்கை வளக் குழுவுக்குப் போயிருந்தால் தேறியிருக்கும். அங்கே பாதிப் பேர் மாடு வைத்திருப்பவர்கள். ஆனால் மசோதாவில் ஓரிடத்தில் கட்டணம் என்ற சொல் இருந்தது. நிதிக் குழுவுக்கு அனுப்பினேன். அங்கேயே கிடந்து செத்தது. அடுத்த கூட்டத்தொடரில் அந்தச் சொல்லை நீக்கிவிட்டு வந்தார். நீதிமன்றத்தில் முறையிடலாம் என்று ஒரு வரி இருந்தது. சட்டக் குழுவுக்கு அனுப்பினேன். மூன்றாம் முறை அந்த வரியும் இல்லை. காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் பொது விவகாரக் குழுவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் கேன்டீனில் தட்டோடு என் மேசைக்கு வந்தார்.

"வெண்டெல், எம்மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோபமெல்லாம் இல்லீங்க. விதி அப்படி."

"விதியா? அந்தப் புத்தகத்த நானும் படிச்சவதான். நீங்க ஒரு கேட்டு, வெண்டெல். மாட்டுப்பட்டி கேட்டு. ஆளு தொறந்தா தொறக்கணும், சாத்துனா சாத்தணும். கேட்டுக்கெல்லாம் ஓட்டு கெடையாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நான் பொருட்படுத்தவேயில்லை. அந்த வாரம் முழுக்க வாசல் காவலர்வரை "என்ன கேட்டு, சவுக்கியமா?" என்று கேட்டார்கள். அதையும் பொருட்படுத்தவில்லை.

என்னை யோசிக்கவைத்தது வேறு. குழுவிடமிருந்து மசோதாவைப் பிடுங்கி நேரே அவைக்குக் கொண்டுவரும் தீர்மானம் ஒன்று உண்டு. நான் இருந்த காலத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. இங்கா அதற்குப் பெரும்பான்மை சேர்த்துவிட்டார். திங்கட்கிழமை ஓட்டு. ஒன்றைப் பிடுங்கினால் எல்லாவற்றையும் பிடுங்குவார்கள். பிறகு குழு எதற்கு? மறுபடி மண்வெட்டிதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கம் முடியும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் பண்ணைக்கு வண்டியை விட்டேன்.

மாடுகள் கன்று ஈனும் பருவம். தொழுவத்தில் ஒரு தலையீற்றுக் கிடாரி முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இங்கா முழங்கைவரை ரத்தமாக நின்றார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வந்தது வந்தீங்க, கோட்டக் கழட்டி மாட்டிட்டு இந்தச் சங்கிலியப் புடிங்க."

பிடித்தேன். கிடாரி முக்கும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அவர் மண்டியிட்டு அதன் மூக்கைத் துடைத்தார்.

"பாத்தீங்களா, ஒண்ண வெளிய இழுத்துட்டீங்க. நாளைக்கு இன்னொண்ண நாங்க இழுத்துக்கிறோம்" என்று சொல்லிச் சிரித்தார்.

உறைந்த தரையில் குழி போடும் கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து அடித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கப் போனார். மறுபடி அடித்தேன்.

அவருடைய கணவர் டெல்மர் அப்போதுதான் காப்பி ஃப்ளாஸ்க்கோடு உள்ளே வந்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். என்னைத் தாக்கவில்லை, ஓடவும் இல்லை. மனைவியின் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, "இங்கா, எந்திரிம்மா, இங்கா" என்றார். கன்றை இழுத்த சங்கிலி ஈரத்தோடு தரையில் கிடந்தது. பின்னாலிருந்து அவர் கழுத்தில் போட்டு இறுக்கினேன். நான் எதிர்பார்த்ததைவிட நேரம் பிடித்தது. காலால் உதைத்து வாளியைக் கவிழ்த்தார். விரல்கள் சங்கிலிக்கும் கழுத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. அவை ஒடியும்வரை நான் விடவில்லை. டெல்மர் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். மசோதாவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

கிடாரி எழுந்திருக்கவில்லை. கன்று குளிரில் நடுங்கியது. சீம்பாலைக் கறந்து அதன் வாயில் ஊட்டினேன். நான் மிருகமல்ல. கழற்றி மாட்டிய கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தது மட்டும் கவனக்குறைவு.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்குப் போனேன். செய்தி அதற்குள் வந்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள். சபாநாயகர் என் காதோடு எதையும் கேட்கவில்லை. தீர்மானத்தைத் தானே ஓட்டுக்கு எடுத்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மசோதாவுக்கு இங்காவின் பெயரையே வைத்தார்கள். அந்தத் தலைப்பை நான்தான் வாசித்தேன்.

அப்படியானால் இதனால் என்ன சாதித்தாய் என்று கேட்கிறீர்கள். அன்று அவையில் யாரும் கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. ஒரு நில மசோதா இத்தனை அமைதியாக நிறைவேறி நான் பார்த்ததேயில்லை. ஆகவே என் கடமை நிறைவேறியது என்றுதான் கருதுகிறேன். இருவரையும் கொன்றது நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரேயொரு திருத்தம் வேண்டும். இங்காவுக்கு முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை, கல்யாண மோதிரத்தைப் பார்த்துத்தான் மகள் அடையாளம் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டாக்டரை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். கோபத்தில் இருப்பவன்தானே அப்படி அடிப்பான்.