துடுப்புப் படகுச் சங்கத்தின் கோட்டு

கத்திரிய கீழ வை பாய். வைன்றேன் இல்ல? சும்மா துணின்னு நெனச்சியா இத்த? கோட்டு பாய், கோட்டு! பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன இதே கடையில, இதே மிஷின்ல நீயே தச்சது. அன்னிக்கி இன்னா சொன்ன? "கோதண்டராமன் சார், இத்த போட்டுக்கினு போய் நின்னா கலெக்டரே எழுந்து நிப்பாரு"ன்னு சொன்னியா இல்லியா? இப்ப அதே கையால வெட்டறதுக்கு சாக்பீஸ் தேக்கற. அமீர் பாஷா டெய்லருக்கு மனசுன்னு ஒண்ணு கெடையாதுன்னு ஆம்பூர் பஜார் பூரா சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், பாத்துக்கோ.

சரி சரி, வாயில குண்டூசி வெச்சிக்கினு பதில் சொல்லாத. முழுங்கிட்டினா அந்தப் பழியும் எம்மேலதான் வரும். ஏற்கெனவே இருக்கற பழியே ஜாஸ்தி. நீ தலைய மட்டும் ஆட்டு, நா பேசறேன்.

துரோகம் பாய். ஞாயித்துக்கிழம கூட்டத்துல நடந்தது சுத்தமான துரோகம். என் சங்கத்துல, நா போட்ட கமிட்டி, நா வாங்கிப் போட்ட நாற்காலி, என்னயே... இரு, உனக்கு மொதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும்.

ஒலிம்பிக்குன்னா உனக்கு இன்னா தெரியும்? ஓடறது, குதிக்கறது, மெடல கடிச்சிப் பாக்கறது. அவ்ளோதான? அது வெளிய தெரியற துணி பாய். உள்ள லைனிங் ஒண்ணு இருக்குது. கமிட்டி! சுவிட்சர்லாந்துல ஒரு பெரிய கமிட்டி. அவங்க ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சங்கத்தத்தான் ஒத்துக்குவாங்க. அந்த சங்கத்துல மெம்பரு யாரு, நீயா நானா? இல்ல. அங்க முக்காவாசி ஓட்டு ஆளுக்குக் கெடையாது, ஆட்டத்துக்கு. குத்துச்சண்டைக்கு ஒரு சம்மேளனம், நீச்சலுக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் மாநிலம். மாநிலத்துக்குக் கீழ மாவட்டம். மாவட்டத்துக்கு செயலாளரு நான். அதாவது எனக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவுல மூணே மூணு படிதான். இந்த பஜார்ல வேற யாருக்காவது அது உண்டா, சொல்லு? உனக்கு உண்டா?

ஒரு ஆட்டத்துக்கு ஒரே சங்கம். மேல எப்டியோ கீழயும் அப்டியே. நா ஷூ பேக்ட்ரி ஸ்டோர்ல இருந்த காலத்துல ஆசப்பட்டு லிஸ்ட்ட வாங்கிப் பாக்கறேன், நல்ல ஆட்டத்த எல்லாம் ஆளாளுக்குப் புடிச்சிட்டாங்க. ஆக்கி போச்சு, பளு தூக்கறது போச்சு, கபடி போச்சு. மிச்சம் இருந்தது மூணுதான். துடுப்புப் படகு, பாய்மரப் படகு, ஐஸ்ல சறுக்கறது. ஐஸத்தான் எடுத்திருப்பேன், மீன் மார்க்கெட்ல கேட்டா குடுப்பாங்க. சுந்தரிதான், என் வீட்டுக்காரி, "உங்களுக்குக் குளுரு ஒத்துக்காது"ன்னா. சரி, படகுன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

சிரிக்காத பாய்! குண்டூசி!

பாலாத்துல தண்ணி எங்கன்னுதான கேக்கப் போற? எல்லாரும் அத்தயேதான் கேக்கறாங்க. தண்ணி இல்லாததுக்கு நா இன்னா பண்றது? நம்முளுது படகு டிபார்ட்மெண்ட்டு. தண்ணி வேற டிபார்ட்மெண்ட்டு. ஒரு தடவ ஒரு ஆபீசரே வந்துட்டாரு, பைலு தூக்கிக்கினு. "படகு எங்க சார் இருக்குது?" நா நிதானமா சொன்னேன். "சார், வெளயாட்டு சங்கத்துல அரசாங்கம் கைய வெக்கக் கூடாது. வெச்சா, மேல இருக்கறவங்க நாட்டையே சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க. அப்பறம் நம்ம புள்ளைங்க சொந்தக் கொடி இல்லாம நடக்கணும். ஒரு படகக் கேட்டு அந்தப் பழிய நீங்க வாங்கிக்கணுமா?" மனுஷனுக்கு வேர்த்துப் போச்சு. டீயக் கூட குடிக்காம கெளம்பிட்டாரு.

இத்தனையும் பண்ணது இந்தக் கோட்டுக்காகத்தான் பாய். வருஷா வருஷம் மெட்ராஸ்ல மாநிலப் போட்டி. தொடக்க விழாவுல எல்லா மாவட்டமும் வரிசையா நடக்கணும். மத்த ஆட்டத்துக்கு பத்து பேரு, இருவது பேரு. படகுக்கு நம்ம மாவட்டத்துலேர்ந்து ஒரே ஆளு. நான். மேனேஜரு. பாரு, பாக்கெட்டுக்கு மேல தங்க நூல்ல நீ தச்ச எழுத்து. மேனேஜர். மாவட்டம் மூணா பிரிஞ்சப்ப கூட ஊரு பேரத்தான் பிரிச்சி வேற தச்சோம், இந்த எழுத்துல கைய வெக்கல. யாருக்கு மேனேஜருன்னு கேக்காத. பன்னெண்டு வருஷமா ஒருத்தரும் கேக்கல. கோட்டு போட்டவன நம்ம ஊர்ல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பேட்ஜுல இருக்கற துடுப்பப் பாத்து ஒரு கொழந்த மட்டும் "இது தோசை திருப்பியா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. அது கொழந்த, வுட்டுட்டேன்.

இதுக்கு நா பட்ட பாடு இருக்குதே! சங்கம்னா சும்மாவா? பொதுக்குழு, செயற்குழு, பைலான்னு ஒரு சட்டப் புக்கு, மினிட் புக்கு. என் எழுத்து எனக்கே புரியாது, அதனால சுந்தரிதான் எழுதுவா. அடுப்புல கொழம்பு கொதிக்கும், நா சொல்லச் சொல்ல அவ எழுதுவா. "கூட்டம் இனிதே துவங்கியது. உறுப்பினர்கள் பதினைந்து பேரும் கலந்துகொண்டனர். படகுகளைப் பராமரிப்பது குறித்து நீண்ட நேரம் விவாதிக்கப்பட்டது." ஒரு தடவ அவளாவே சேத்துக்கினா, "தேநீருடன் மக்கன் பேடா வழங்கப்பட்டது"ன்னு. நடக்காத கூட்டத்துக்கு இன்னாத்துக்குடி ஸ்வீட்டுன்னேன். "நடக்காத கூட்டந்தான, ஆளுக்கு ரெண்டு வெச்சா இன்னா"ன்றா. அன்னிக்கே நா உஷாராயிருக்கணும் பாய். பன்னெண்டு வருஷம் அந்த புக்க எழுதி எழுதி, பைலா பூரா அவளுக்கு மனப்பாடம்! எனக்கு மொதல் பக்கந்தான் தெரியும், அதுல என் போட்டோ இருக்குது.

அப்பல்லாம் தலைவரு யாரு? நம்ம இஷ்தியாக் அகமது பாய். தோல் மண்டி வெச்சிருந்தாரே, அவருதான். நல்ல மனுஷன், ஆனா கேள்வி கேக்கற வியாதி. "கோதண்டம், ஒரு படகாவது வாங்கலாமே"ன்னாரு. ஒரு தடவ சொன்னா பரவால்ல, மூணு தடவ சொன்னாரு. விடுவனா? பைலாவுல புதுசா ஒரு பதவி போட்டேன். நிரந்தர ஆலோசகர்! சால்வ போத்தி, மூலையில தனியா ஒரு நாற்காலி போட்டு ஒக்கார வெச்சேன். கீழ ரெண்டே வரி. ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது. கேட்டால் மட்டுமே ஆலோசனை சொல்லலாம். யாரும் கேக்கறதில்ல. அத்தோட படகு பேச்சு நின்னுது.

இப்டி நல்லா போய்க்கினு இருந்த சங்கத்துக்கு, போன வருஷம் மேலேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு பாய். புது சட்டமாம். மூணு தடவ செயலாளரா இருந்தவன் நாலு வருஷம் ஒதுங்கி நிக்கணுமாம். கமிட்டில பொம்பளைங்க நாலு பேரு கண்டிப்பா இருக்கணுமாம். வெளயாடறவங்களும் இருக்கணுமாம், அவங்களுக்கும் ஓட்டாம். நல்லாருக்குதா நாயம்? வெளயாடறவங்களுக்கு வெளயாடற வேல இருக்குது, ஓட்டு இன்னாத்துக்கு?

பேஜாராப் போச்சு. ஆனா நா அசரல. பஞ்சாயத்துல பொம்பளைங்களுக்கு ஒதுக்கினா நம்மாளுங்க இன்னா பண்றாங்க? சம்சாரத்த நிக்க வெச்சிட்டு பக்கத்து சீட்டுல இவங்க ஒக்காந்துக்கறாங்க இல்ல? அதேதான். சுந்தரிய செயலாளராக்கிட்டு நா நிரந்தர ஆலோசகர். ரெண்டாவது ஆலோசகர்! பொம்பள மெம்பருக்கு எங்க தெருவுல ஹலீமா பீ. கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் குடுன்னு ஆதார் ஜெராக்ஸ் என்னாண்ட குடுத்து வெச்சிருந்தாங்க, அதுல ஒரு காப்பி எடுத்துக்கினேன். இப்டி இன்னும் ரெண்டு ஜெராக்ஸு. வெளயாடறவங்களுக்கு? ஹலீமா பீ பொண்ணு ஜோயா. ஷூ பேக்ட்ரில மேல்தோலு தைக்கிற லைன்ல வேல. "வீராங்கனை"ன்னு போட்டு அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு அதுக்கு முன்ன படகப் படத்துல கூட பாத்திருக்காது.

தப்பு எங்க நடந்துச்சு தெரியுமா? புது கமிட்டி போடற கூட்டத்துக்கு மாநிலத்துலேர்ந்து பார்வையாளரு வர்றாருன்னாங்க. எல்லாம் கரெக்டா இருக்கட்டும்னு, பைலா சொல்றாப்ல இருபத்தோரு நாளு முன்னாடி எல்லா மெம்பருக்கும் ரிஜிஸ்டர் தபால்ல நோட்டீஸ் போட்டேன். வாழ்க்கையில மொத தடவையா ரூல்படி நடந்தேன் பாய். அதான் நா பண்ண ஒரே தப்பு!

தபால்காரரு தெருவுல நின்னு கூப்புட்றாரு, "வீராங்கனை ஜோயா அவர்கள் யாருங்க?" தெருவே எட்டிப் பாக்குது. அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டு வாங்கிச்சு. கவர பிரிச்சதும் தூக்கிப் போடல. பீரோ கண்ணாடில ஒட்டி வெச்சிருக்குது, எழுத்து தெரியறாப்ல. அத்தோட கூட்டத்துக்கும் வந்துடுச்சு. எல்லாருமே வந்துட்டாங்க. ஜெராக்ஸா இருந்தவங்க எல்லாம் ஆளா வந்து ஒக்காந்துட்டாங்க பாய்! சுந்தரிய செயலாளராக்கினாங்க, எனக்கு சால்வ போத்தினாங்க. அதுவரைக்கும் சரியாத்தான் போச்சு. அப்பறம் அந்தப் பொண்ணு எழுந்து, "அங்கிள், படகு எங்க?"ன்னுச்சு.

நா சிரிச்சேன். சுந்தரி சிரிக்கல. மினிட் புக்குல எழுதிக்கினா.

அதுக்கப்பறம் இவ தெனம் காலையில வாக்கிங் போறேன்னா. நல்லதுதான, சுகர் கம்மியாகும்னு நா பேசாம இருந்தேன். பாத்தா, மாநிலப் போட்டில புதுசா ஒண்ணு சேத்திருக்காங்களாம். தண்ணியே வேணாமாம். தரையில மிஷினு, அதுல ஒக்காந்து இழுக்கணும், ரெண்டாயிரம் மீட்டரு. அந்த மிஷினு நம்மூரு ஜிம்ல ஒண்ணு தூசி புடிச்சிக் கெடந்திருக்குது. லேடீஸ் டைம்ல அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு போய் ஒரு வருஷமா இழுக்க வெச்சிருக்கா! எனக்கே தெரியாம! என் சங்கத்துல, படகு ஓட்டறாங்க!

ஞாயித்துக்கிழம கூட்டம். நாலாவது தீர்மானம், போட்டிக்கு மேனேஜரு. நா கோட்டோட போயிருந்தேன். சுந்தரி பைலாவ விரிச்சா. "வீரர் பெண் என்றால் மேனேஜரும் பெண்ணாக இருக்க வேண்டும், மாநில சுற்றறிக்கை." நா எழுந்தேன். "ஆலோசகர் கேட்டால் மட்டுமே பேசலாம்"னா. பதினேழாம் பக்கமாம். ஓட்டாவது போடறேன்னு கையத் தூக்கினா, கமிட்டியே திரும்பிப் பாத்து சிரிக்குது. மூலையில இஷ்தியாக் பாய் தன் பிஸ்கட்ட ரெண்டா ஒடச்சி எனக்குப் பாதி குடுத்தாரு. "ஒக்காரு கோதண்டம், இந்த நாற்காலி சௌகரியமாத்தான் இருக்கும்"ன்னாரு. நாலு வருஷமா ஒக்காந்திருக்காரே, தெரியாதா அவருக்கு.

சரி, போவட்டும். கோட்டையாவது வுட்டாங்களா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன, யாரும் கேள்வி கேக்கக் கூடாதுன்னு நானே சொல்லி எழுத வெச்ச வரி. "மேற்படி கோட்டு சங்கத்தின் சொத்து." வாசிச்சிட்டு சொல்றா, "சங்கத்தோட சொத்து சங்கத்தோட வீராங்கனைக்கு. நா மேனேஜரு, பொடவையில நடந்துக்கறேன்." பதிமூணு கை தூக்குது பாய். ஒரே மனசா தீர்மானம். எம் பொண்டாட்டி கையிதான் மொதல்ல போச்சு.

வீட்டுல வந்து கத்தினேன். "நா இல்லாம அணிவகுப்பா"ன்னு கத்தினேன். அவ ஜோயாவோட அளவ ஒரு சீட்டுல எழுதி எங்கையில குடுத்தா. தோ, உன்னாண்ட இருக்குதே, அதான்.

நேத்திக்கு கோவத்துல ஜிம்முக்கே போய்ட்டேன். லேடீஸ் டைமு, உள்ள வுட மாட்டாங்க. படிக்கட்டுல நின்னேன். உள்ள சத்தம் கேக்குது. சர்ர்ர்... சர்ர்ர்ன்னு. அந்தப் பொண்ணு மூச்சு வாங்கறது கூட கேக்குது. எங்க வீட்டுக்காரி எண்ணிக்கினு இருக்கா, "இன்னும் இருநூறு, விடாத, இன்னும் நூத்தம்பது." பன்னெண்டு வருஷமா படகுச் சங்கம் நடத்தறேன் பாய். துடுப்பு போடற சத்தத்த நேத்திக்குத்தான் கேட்டேன். அழுகையா வந்துடுச்சு. வெக்கமாவும் இருந்துச்சு. யாராண்டயும் சொல்லிடாத.

அதனால... இன்னா நா சொல்ல வர்றேன்னா, தோளுகிட்ட மட்டும் இறுக்கிடாத. இழுத்து இழுத்து அந்தப் பொண்ணுக்குத் தோளு நல்லா அகலமாயிருக்கும். அளவுச் சீட்டுல கம்மியா போட்டிருப்பாங்க, நீயா ஒரு அரை இஞ்சு... பாய்? கைய எங்க காணம்? கோட்டு கைய எங்க பாய் காணம்?

வெட்டிட்டியா! எப்ப வெட்டின? நா பேசிக்கினு இருக்கறப்பவேவா? ரெண்டு கையும் வெட்டிட்டு மூஞ்சப் பாரு, ஒண்ணுந்தெரியாத மாதிரி! ஒரு வார்த்த கேக்கக் கூடாதா என்னிய?

...சரி. வெட்டினது வெட்டின. அந்த முன்பக்கத்த இப்டிக் குடு. குடுன்றேன், கிழிச்சிட மாட்டேன். ஊசி ஒண்ணு குடு, வாயில இருக்கறதே போதும். "மேனேஜர்"ன்ற எழுத்த நானே பிரிக்கறேன். உனக்கு அவசரம், துணியோட நூலும் சேந்து வந்துடும். அதே எடத்துல "வீராங்கனை"ன்னு தைக்கணும் இல்ல, துணி சுத்தமா இருக்கணும்.

பல்ப கொஞ்சம் கிட்ட இழு, கண்ணு சரியாத் தெரியல.

அந்தத் தங்க நூல பெருக்கித் தள்ளிடாத பாய், ஒரு பொட்டணத்துல எடுத்து வை. நா ஒதுங்கி நிக்க வேண்டியது நாலு வருஷந்தான?