லாரிக்குப் பின்னால் வந்த இங்கிலீஷ் கார்

"அலோ... ஏலே ரிச்சர்டு, எங்க வாரே? ... நின்னுட்டுதா? யாரு, நீயா, வண்டியா?"

ராஜபாளையத்து வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஜெமி பேசினாள். பெண் கேட்டு வந்த ரிச்சர்டின் அப்பாவும் அம்மாவும் கீழே லட்டைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையைத்தான் காணோம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி இணையத்தில் சண்டை போட்டுப் போட்டே காதலித்த ஜோடி அது. அந்தச் சண்டையில் இன்றைக்கு ஜெயித்துவிடலாம் என்று, தானே பழுதுபார்த்த கூரையில்லாத இங்கிலீஷ் காரில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தனியாகக் கிளம்பியிருந்தான் அவன்.

"ஆமா... ஆமா... புகையா? டேஷ்போர்டுல இருந்தா? சாம்பிராணி போடுதாக்கும்! ... ஏலே, இங்கிலீஷ்காரன் மழையிலயே பொறந்து வளந்தவன். அவன் செஞ்ச வண்டிக்கு நம்மூரு நாலு தூறல் ஆவலையா? ... என்னது? ஜப்பான் வண்டி மிக்சி மாதிரியா? இருந்துட்டுப் போவட்டும். மிக்சி தினம் சட்னி அரைக்குதுல்லா? ... இத்தாலிக்காரன் பேச்ச எடுக்காத. அழகுதான், யாரு இல்லன்னா? ஒரு நாள் ஓடும், ஒம்பது நாள் கோவிச்சுக்கிட்டுக் கெடக்கும். ... ஜெர்மன்காரனா? எஞ்சினக் கொண்டுபோயி பின்னால வச்சிட்டு, அதான் சரின்னு இன்னும் சாதிக்கான். அமெரிக்காக்காரனுக்கு எஞ்சின் எம்புட்டுப் பெருசு! வளைவுன்னு ஒண்ணு வந்தா... ஏ, செத்த இரு."

படிக்கட்டில் அப்பா சூசையின் செருப்புச் சத்தம். ஜெமியின் குரல் சட்டென்று முக்காடு போட்டுக்கொண்டது.

"சொல்லுங்க... ஆமாங்க... மெதுவாவே வாங்க... அப்பா இங்கதான் நிக்காவ."

பக்கத்தில் வந்துவிட்டதாக அப்பாவிடம் சைகை காட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு இறங்கினார். காரோடு விளையாடுகிறவன் குடும்பம் நடத்துவானா என்று கேட்ட மனிதரை இந்த அளவுக்குக் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது.

"போயிட்டாவ. ... என்ன சொல்லுத? திரும்பிப் போறியா? ... சட்டையெல்லாம் கிரீசுன்னா? இன்னொரு நாளா?"

அவள் சிரிப்பு நின்றுபோனது.

"ரிச்சர்டு, கேளு. ... இல்ல, நான் பேசுதேன், நீ கேளு. இன்னைக்கு நீ திரும்பிட்டா, அப்பா இன்னொரு தடவ கதவத் திறக்க மாட்டாவ. காரையா நான் கட்டிக்கிடப் போறேன்? நடந்து வா, ஆட்டோல வா, எதுலயும் வா. ... அழுதியா? ... தும்மலா, சரி. ... எந்த லாரி? தளவாய்புரத்துக்குப் போற வாழைத்தார் லாரியா? நம்மூரு வழியாத்தான போவும்! கயிறு இருக்காமா? பொறவு என்ன, கட்டச் சொல்லு! ... வைக்காத. லைன்லயே இரு."

அவளும் வைக்கவில்லை. லாரி இரைச்சலையும் அவன் தும்மலையும் கேட்டுக்கொண்டே மாடியில் நடந்தாள்.

"ஆமா, ஆமா... எடப்பக்கந்தான்... தெருவுக்குள்ள வந்தாச்சா?"

கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்த்தாள். லாரிக்குப் பின்னால் கயிற்றில் சிவப்புக் கார். உள்ளே தொப்பலாக நனைந்த ரிச்சர்ட், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. கேட்டருகே சூசை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே, லாரி நிக்குது... பிரேக்கு! பிரேக்க அமுக்கு!"

டொம்மென்று காரின் மூக்கு லாரியில் முட்டியது. மேலிருந்து ஒரு வாழைத்தார் சரிந்து நேராக அவன் மடியில் விழுந்தது. சூசை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"அலோ... அடி ஒண்ணும் இல்லையே? ... அப்பா சிரிக்காவ, பாத்தியா? ... ஏய், தாரக் கீழ வைக்காத! டிரைவர் அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அப்படியே தூக்கிக்கிட்டு உள்ள வா."

போனை அணைத்துவிட்டு, ஜெமி படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.