பூதம் பேசாத ஏழு இதழ்

எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணலக்கா. அநியாயம் நடந்தது பூதத்துக்கு. ஏழு இதழா ரெண்டு துப்பறிவாளருங்க அதைத் துரத்துறாங்க. அது யாரைக் கடிச்சுச்சு, யாரை அடிச்சுச்சு? பழைய கட்டடத்துல அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துச்சு. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேச விட்டாங்களா அதை?

ஆமா, படக்கதைதான். காமிக்ஸ். சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்னு சிரிக்காதீங்க, எங்க காலேஜ்ல நூலகரே அடுத்தது எப்பன்னு கேப்பாரு. கதை வசனம் நான். படம் அவ. அவன்னா, உங்க ஹாஸ்டல் ரெண்டாவது மாடியில புதுசா வந்திருக்காளே, காதுல எப்பவும் பென்சில் சொருகிக்கிட்டு, அவதான். நாங்க பென்சில்னுதான் கூப்பிடுவோம். எனக்கு வச்ச பேரு வக்கீல். ஏன்னு உங்களுக்கே இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

இல்லைன்னு சொல்லச் சொன்னாளா? யோசிச்சுப் பாருங்கக்கா. இல்லாதவ எப்படி உங்ககிட்ட வந்து இல்லைன்னு சொல்லச் சொல்லுவா? அப்ப இருக்கா. இருக்கிறவளைப் போயி... சரி சரி, விட்டுட்டேன். நீங்க உங்க வேலையப் பாருங்க. சாவிக்குத்தானே நம்பர் கட்டுறீங்க? நூலைக் குடுங்க, நான் துண்டு துண்டா வெட்டித் தர்றேன். இந்த பெஞ்சு ஒரு காலு ஆடுதே, பாத்தீங்களா?

சண்டையெல்லாம் இல்லக்கா. சண்டைன்னா ரெண்டு பேரும் பேசணும்ல?

கதையக் கேளுங்க. துப்பறிவாளர் ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. நெட்டை கையில நோட்டு, குட்டை கையில டார்ச். ஒவ்வொரு இதழ்லயும் ஒரு தடயம். வராண்டாவுல ஈரக் கால்தடம். சுவத்துல நகக் கீறல். ராத்திரியெல்லாம் லைட்டு எரியுற ஒரே ஒரு ஜன்னல். ரெண்டு பேரும் வாய் ஓயாம வாதம் பண்ணிக்கிட்டே போவாங்க. கடைசிப் பக்கத்துல கதவ உடைப்பாங்க. பூதம் மூலையில குந்தியிருக்கும். அதோட வாய்கிட்ட ஒரு பலூன். அதாங்க, பேச்சு எழுதுற வட்டம். நான் அதுல உர்ர்ர்னு எழுதுவேன். அது ஜன்னல் வழியாத் தப்பிச்சு ஓடிடும். அடுத்த இதழ்.

பலூனை யாரு போடுவாங்கன்னா கேட்டீங்க? அப்படிக் கேளுங்க, அதுதான் விஷயம். அவதான் போடுவா. எழுத்துக்கு எவ்வளவு இடம் வேணும்னு பாத்து, படத்தோடயே வரைஞ்சிடுவா. உர்ர்ருக்கு எவ்வளவு இடம் வேணும்? கட்டைவிரல் அளவு போதும். ஆனா அவ போட்டதெல்லாம் நாலு வரி பிடிக்கிற மாதிரி. நானும் ஏழு தடவை, இம்மாம் பெரிய பலூனுக்குள்ள குண்டு குண்டா உர்ர்ர்னு எழுதி ரொப்பினேன். இடத்தை வீணாக்குறாளேன்னு திட்டினேன் வேற.

ஒரே ஒரு தடவை கேட்டா. அஞ்சாவது இதழ்ல. அதுவும் ஏதாவது சொல்லட்டுமேன்னா. பூதம் பேசினா பயம் போயிடும், பயம் போனா மர்மம் போயிடும், மர்மம் போனா கதை படுத்துடும்னு சொன்னேன். பத்தே நிமிஷம். ம்னுட்டா. வாதத்துல என்னை இதுவரைக்கும் யாரும் ஜெயிச்சதில்லக்கா.

அந்த ம் இருக்கே, அதுதான் இப்ப இல்ல. எங்க காலேஜ் ஹாஸ்டல் ரூம்ல நான் ஏதாவது பேசுறேன்னு வைங்க, எதிர்க் கட்டில்லேர்ந்து ம்னு ஒண்ணு வரும். அவ போயிப் பத்தொன்பது நாளாச்சு. பழக்கத்துல பேசிடறேன். பேசி முடிச்சா, நான் பேசுனது எனக்கே கேக்குது. நேத்து அலமாரிகிட்ட மெஸ் சாப்பாட்டைப் பத்தி ஒரு கால் மணி நேரம் வாதாடியிருக்கேன். அலமாரியும் தோத்துடுச்சு.

சும்மா கெடக்கமாட்டாம ஏழு இதழையும் எடுத்துத் தரையில பரப்பினேன். அப்பத்தாங்க கண்ணுல பட்டுது. பூதம் தப்பிச்சு ஓடுற ஜன்னல், கொக்கி உடைஞ்சு நீலக் கயித்தால கட்டியிருக்கு. எங்க ரூம் ஜன்னல். நான்தான் கட்டினேன். பூதம் குந்துற மூலை, அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல, அவ கட்டில் தலைமாடு. இந்தாங்க, மூணாவது இதழ். நெட்டையோட மூக்கப் பாருங்க. குட்டையோட மூக்கையும் பாருங்க. இப்ப என் மூக்கு. பாத்தீங்களா, நீங்களே சிரிக்கிறீங்க! ரெண்டு பேருக்கும் என் மூக்குக்கா. விரலை ஆட்டிப் பேசுறதும் நான்தான். ஒருத்தியால அவ்வளவு பேச முடியாதுன்னு ரெண்டாப் பிரிச்சிருக்கா போல.

என்ன சொன்னேன்னா? எதைக் கேக்குறீங்க? அவ போறதுக்கு மொத நாளா? அது ஒண்ணும் இல்லக்கா. சாயங்காலம் துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. எனக்கு இங்க ரொம்பத் தனியா இருக்குன்னா. நான் மூணு பாயிண்ட் சொன்னேன். ஒண்ணு, ரூம்ல ரெண்டு பேரு இருக்கோம். ரெண்டு, தூங்குற நேரம் போக நான் பேசிக்கிட்டேதான் இருக்கேன். மூணு, தனியா இருக்குன்னு சொல்றதுக்கே எதிர்ல ஒரு ஆள் வேணும். ஆக, நீ தனியா இல்லைன்னு நிரூபிச்சுட்டேன். ம்னுட்டா. மறுநாள் நான் கிளாஸ் முடிஞ்சு வந்தா, எதிர்க் கட்டில்ல மெத்தை சுருட்டிக் கெடக்கு. அவ்வளவுதான். அந்தக் கத்தரிய எங்க வச்சேன்?

ஏங்க்கா அப்படிப் பாக்குறீங்க?

இதுவா? எட்டாவது இதழுக்கு அவ வரைஞ்ச கடைசிப் பக்கம். என் மேஜையில வச்சுட்டுப் போயிருந்தா. சீட்டு கீட்டு எதுவும் இல்ல. கதவு திறந்திருக்கு, பாருங்க, இந்தத் தடவை யாரும் உடைக்கல. பூதம் கட்டில்ல உக்காந்திருக்கு. அதோட பலூன் மட்டும் பாதிப் பக்கத்துக்கு. நெட்டையோட பலூனை நான் ரொப்பிட்டேன். உனக்கு என்ன ஆச்சுன்னு. ஏழு இதழ்ல அந்த ஒரு கேள்வியத்தான் நான் கேக்கல. பூதத்தோடது காலியா இருக்கு. எத்தனையோ எழுதிப் பாத்தேன், தனித்தாள்ல. எதை எழுதினாலும் நான் பேசுற மாதிரியே இருக்குக்கா. அது நான் எழுத வேண்டியது இல்ல.

என்னை மேல விட வேணாம். பாக்கணும்னுகூடச் சொல்ல வேணாம். இந்தத் தாளை மட்டும் கொண்டுபோயிக் குடுங்க. வேணாம்னா திருப்பி எடுத்துட்டு வாங்க, நான் வாதாடாமப் போயிடறேன். சத்தியமா.

போங்க. போன் அடிச்சா நான் எடுக்குறேன். சாவி எதையும் தொடமாட்டேன்.

*

வந்துட்டீங்களா? என்னக்கா இவ்வளவு நேரம்? இல்ல, நான் ஒண்ணும் கேக்கல. முப்பத்திரெண்டு சாவிக்கும் நம்பர் கட்டிட்டேன். மன்னிச்சுக்குங்க, தொடமாட்டேன்னு சொன்னேன், கை சும்மா இருக்கமாட்டேங்குது.

தாள்... அவ வாங்கிக்கலையா?

வாங்கினாளா? கதவுகிட்டயே நின்னு எழுதினாளா? பென்சிலாலதானே? அழுதாளா, இல்ல... சரி. குடுங்க.

நீங்களே படிங்களேன்க்கா. எனக்கு இங்க வெளிச்சம் பத்தல.

சரி, நானே படிக்கிறேன். இவ்வளவு பெரிய பலூன்ல, மேல ஒரு ஓரமா, பொடி எழுத்துல எழுதியிருக்கா. மிச்ச இடத்தை அப்படியே விட்டு வச்சிருக்கா.

உக்காரு. சொல்றேன். நடுவுல பேசக்கூடாது.