ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்தவள்

பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு பிஸ்கட்டைக் கண்டாலே குமட்டும் என்பார்கள். முப்பத்தாறு வருஷம் பாக்கிங் பிரிவில் நின்றவள் நான். இன்றும் டீயில் தோய்த்துத்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் கொடுத்ததும் நல்ல பிஸ்கட்தான், ஐயா. கொஞ்சம் நமத்துப்போயிருக்கிறது.

என் தங்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் பிறந்த அன்றே அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது பதினெட்டு. பால் புகட்டியது, நடை பழக்கியது, சளி பிடித்தால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். பெரியவளானதும் வரன்கள் இரண்டு வந்தன, இரண்டும் தட்டிப்போயின. அதற்கும் நான்தான் காரணம். சின்ன விஷயம், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். மத்தியானம் கதை சொன்னால்தான் அங்கே உள்ள வாண்டுகள் கண்ணை மூடும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, கைவசம் இருந்த கதையெல்லாம் தீந்துபோச்சு. சின்ன வயசுல நீ ஒன்னு சொல்லுவியே, காலத்துல முன்னாடி பின்னாடி போற பொம்பள கதை? அது எந்தப் புத்தகத்துல வருது?"

"ஞாபகம் இல்லையே."

"போ, உனக்கு வயசாயிடுச்சு. நான் ஏஐகிட்ட கேட்டுக்கறேன்."

போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்து அதனோடு பேசத் தொடங்கினாள். "சுவத்துல ஒரு பெட்டி இருக்கும். அதுல அட்டையச் சொருகினா டக்குனு சத்தம் வரும். உடனே அந்தப் பொம்பள ஃபாக்டரியிலயும் இருப்பா, அதே நேரத்துல வீட்டு மாடியிலயும் இருப்பா. என்ன கதை இது?"

அது மூன்று கதைகளைச் சொன்னது. ஒன்றில் ராஜா, ஒன்றில் ரயில், ஒன்றில் வேற்றுக்கிரகம். மூன்றும் இல்லை என்றாள். "நீங்கள் சொல்வதுபோல ஒரு கதை எனக்குக் கிடைக்கவில்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்ல மாட்டேன். வேறு ஏதாவது நினைவிருக்கிறதா?" என்றது. இவ்வளவு பொறுமையாக யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. உங்களையும் சேர்த்துத்தான்.

தினமும் ஏதாவது ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பெண் நீலக் கோட்டு போட்டிருந்தாள். கோட்டில் மாவு அப்பியிருந்தது. இரண்டாவது பட்டன் இல்லை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். என் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகப் பேசுகிறாளோ என்று தோன்றியது. ஒரு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். அது இன்னும் மோசமாகப் பட்டது. அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் படித்தேன்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தங்கைக்கு ஆறு வயதானபோது, பிள்ளையில்லாத சித்தப்பாவுக்கு அவளைத் தத்துக் கொடுத்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்தார். "உனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமாம்மா?" என்று கேட்டார். அவளுடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் வேலைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொழிற்சாலையின் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தேன். பக்கத்து மேசைக்காரி என் பங்கையும் சேர்த்து அடுக்கினாள். நாங்கள் ஒருவருக்கொருவர் அப்படி உதவுவதுண்டு. அப்பா மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு மாடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அரை மணி நேரத்தில் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். வருகை அட்டையில் காலை எட்டு, மாலை ஐந்து என்று இரண்டு முத்திரை. நடுவில் எங்கே இருந்தேன் என்று அட்டை சொல்லாது.

காய்ச்சலோடு கீழே படுத்திருந்த குழந்தை படியேறி வந்து கதவோரம் நின்றதை நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது என் காதோரம் வந்து கேட்டாள்: "அக்கா, நீ ஏன் மத்தியானம் வந்துட்டுப் போயிட்ட?"

"அது நேத்து நான் சொன்ன கதைடா கண்ணு. காய்ச்சல்ல குழம்பிட்ட."

அதன்பிறகு தினமும் சொன்னேன். எங்கள் தொழிற்சாலையில் அட்டை போடும் பெட்டியையும் அதன் சத்தத்தையும் சேர்த்து, அதைக் காலத்தில் கூட்டிப்போகும் இயந்திரமாக்கினேன். ஒரு மாதத்தில் அவளே எனக்குத் திருப்பிச் சொல்லுமளவுக்குக் கதையாகிவிட்டது. பட்டனை மட்டும் நான் சேர்க்கவில்லை. அது அவளாகப் பார்த்தது.

போனில் கடைசியாக இருந்த பதில் இது: "நிறம், மாவு, பட்டன் எல்லாம் காதால் கேட்ட கதையைவிடக் கண்ணால் பார்த்ததைப்போல இருக்கின்றன. நான் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் அக்காவிடமே கேட்டுப் பாருங்களேன்."

அன்று சாயங்காலம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"அக்கா, இந்த மெஷினுக்கு மூளை கலங்கிடுச்சு. இது கதையே இல்லையாம், நான் நேர்ல பாத்ததாம். கதைதானே?"

"கதைதான்."

"சரிக்கா. நீ சொன்னா சரி. அது கெடக்கு."

போனைத் தூர வைத்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். உங்களுக்கு என் தங்கையைத் தெரியாது, ஐயா. உப்பு போதுமா என்று கேட்டால்கூட நாலு தரம் ருசி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அப்படிப்பட்டவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றால், உள்ளே எதையோ வைத்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

"மாடியில துணி காயுது, எடுத்துட்டு வரலாம் வா" என்றேன். வந்தாள். காற்றில் நழுவி, சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஒரு தலையணை உறையை எடுக்கக் குனிந்தாள். நான் கையை நீட்டினேன். பிடிப்பதற்காக இல்லை.

அவள் உண்மையிலேயே என்னை நம்பித்தான் சரி என்றாளா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்பா போனபோது அவளுக்கு அக்கா இருந்தாள். அந்த அக்கா யாரென்று தெரிந்திருந்தால், நாற்பத்தாறு வயதில் ஒருவருமில்லாமல் நடுத்தெருவில் நின்றிருப்பாள். அதைப் பார்க்க என் மனசு தாங்காது. பிறந்த அன்றிலிருந்து அந்தக் குழந்தையை நான் ஒரு நாளும் தனியாக விட்டதில்லை.