கடையில் கிடைக்காத தோட்டா

லண்டனில், இல்ஃபோர்டிலிருந்து ஃபாரஸ்ட் கேட் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் நம்மவர் இருவர். நரைத்த மீசைக்காரர் சத்தமாகச் சொன்னார்:

"சுவிஸில இருக்கேக்க என்னட்டை ஒரு ரிவால்வர் இருந்தது."

இளையவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணை, மெல்லமாக் கதையுங்கோ."

"லைசென்சோட வைச்சிருந்தனான். கிளப்பில குறி பார்த்துச் சுடுறதுக்கு. ஒருத்தரிட்டையும் இல்லாத அளவில இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டுக் குழலை மாத்துவிச்சன். பிறகுதான் தெரியும், அந்த அளவுத் தோட்டா கடையில வாங்க ஏலாது."

"பிறகென்ன செய்தனீங்கள்?"

"நாங்களே செய்தம். ஞாயிற்றுக்கிழமையில, குசினியில, சாப்பாட்டு மேசையில. என்ரை மனுசிதான் வெடிமருந்து நிறுக்கிறது. தங்கம் நிறுக்கிற மாதிரி, மூச்சுக்கூட விடமாட்டா."

"இஞ்ச கொண்டுவர விடாங்கள் என்ன?"

"ஓம், இஞ்சத்தைச் சட்டம் அப்பிடி. கூட்டாளி ஒருத்தனிட்டைக் குடுத்திட்டு வந்தனான்."

"கவலைதான்."

"அது போகட்டும். அந்த மேசையைக் கொண்டு வந்தனாங்கள். அவவுக்கு இரவு ஷிப்ட், எனக்குப் பகல். ரெண்டு பேரும் ஒண்டா அதில இருந்தது இன்னும் இல்லை."

அவர் எழுந்து மணியை அழுத்தினார்.

"நான் இறங்கிறன் தம்பி. கெதியா நடந்தால், அவ வேலைக்கு வெளிக்கிட முதல் வாசலில ஒருக்காப் பாக்கலாம்."